டீச்சர் விளையாட்டில் கேட்ட என் குரல்

மதிய இடைவேளை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி டீச்சராக நடித்துக்கொண்டிருந்தாள். விழுந்து அழுத சிறுவனிடம், "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்றாள். சொல்லும் தொனியும் அப்படியே என்னுடையவை.

அழுகையை அடக்கியவனை நான் 'சமத்து' என்று பாராட்டி வந்தது, ஸ்கின்னர் கூறும் வலுவூட்டல். அவளை நான் பாராட்டவே இல்லை, பார்த்தே கற்றாள். இத்தகைய கற்றலைத்தான் பண்டூரா 1961இல் பொம்மைச் சோதனையில் காட்டினார். என் ஒரே வாக்கியத்தில் மொழியும் பாலினப் பங்கும் சேர்ந்தே போயிருக்கின்றன. வலியைச் சொல்லும் சொற்கள் மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது, "எங்கே வலிக்குது? சொல்லு" என்று கேட்கிறேன். சென்ற வாரம் விளையாட்டு டீச்சரும் அதையே கேட்டாள். அவன் முழங்காலைக் காட்டி, "இங்கே எரியுது டீச்சர்" என்றான்.