வெப்சைட் செய்யக் கொடுக்கப் போறீங்களா? சாவி யார் கையில இருக்குனு முதல்ல பாருங்க



சம்பளத்தோட சேர்த்து சின்னதா ஒரு சைடு பிசினஸ் பண்றவங்க இப்போ நிறைய பேர். அம்மா போடுற ஊறுகாய், சனி ஞாயிறு போட்டோகிராபி, ஆன்லைன் டியூஷன்னு ஏதோ ஒண்ணு. கொஞ்சம் ஓட ஆரம்பிச்சதும் என்கிட்ட வர்ற கேள்வி இதுதான்: "சார், வெப்சைட் போட 25,000 கேக்குறாங்க, கொடுக்கலாமா?" தொகையைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி நான் திருப்பி ஒண்ணு கேட்பேன். டொமைன் யார் பேர்ல வாங்கப் போறாங்க? பெரும்பாலும் பதில் வராது.

இந்தக் கேள்வியை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். பிராக்டீஸ் ஆரம்பிச்ச புதுசுல, தெரிஞ்சவர் மூலமா வந்த ஒரு டிசைனர்கிட்ட 15,000 ரூபாய்க்கு வேலையைக் கொடுத்தேன். டொமைன், ஹோஸ்டிங், மெயில் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். நல்லாவே செஞ்சு கொடுத்தார், அதுல இன்னைக்கும் குறை சொல்ல மாட்டேன். மூணாவது வருஷம் ஜூலை மாசம், ஐடிஆர் சீசன் உச்சத்துல, திடீர்னு என் மெயில் நின்னு போச்சு. ஃபார்ம் 16 அனுப்புனவங்களுக்கெல்லாம் மெயில் திரும்பிப் போகுது. டிசைனருக்குப் போன் போட்டா நம்பரே உபயோகத்துல இல்ல. மனுஷன் வேலை கிடைச்சு வெளிநாடு போயிட்டார். டொமைன் இருந்தது அவரோட அக்கவுண்ட்ல. ரெனியூவல் ரிமைண்டர் போனது அவர் திறந்தே பார்க்காத ஒரு பழைய மெயிலுக்கு. பணம் எடுக்க வேண்டிய கார்டும் காலாவதி. அவரைக் கண்டுபிடிக்க எனக்கு 9 நாள் ஆச்சு. ஜூலை 31 நெருங்குற நேரத்துல 9 நாள் மெயில் இல்லனா எப்படி இருக்கும்னு ஏதாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க.

ஏமாத்துறவங்களைப் பத்தி எல்லாரும் எச்சரிக்கிறாங்க. என் அனுபவத்துல, காணாம போறவங்களாலதான் தொல்லை அதிகம். ஏமாத்துறவரை விசாரிச்சு ஓரளவு வடிகட்டிடலாம். நல்லவரா இருந்து ரெண்டு வருஷத்துல வேற வேலைக்குப் போறவரை எப்படி வடிகட்டுறது? அதனால, அவர் போனாலும் நம்ம கடை திறந்திருக்கிற மாதிரி ஆரம்பத்துலயே ஏற்பாடு பண்ணிக்கணும்.

அதுக்கு டொமைனை நீங்களே வாங்குங்க. டாட் காம், டாட் இன் எல்லாம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் சமாச்சாரம், பத்து நிமிஷ வேலை. உங்க பேர், உங்க போன், உங்க கார்டு. மெயில் ஐடி மட்டும் அதே டொமைன்ல இருக்கிறதைக் கொடுக்காதீங்க, சொந்த ஜிமெயில் கொடுங்க. இல்லனா டொமைன் செத்தா ரிமைண்டர் வர்ற மெயிலும் சேர்ந்து சாகும். ஹோஸ்டிங்கும் இதே மாதிரிதான். டிசைனருக்கு வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுத்தா போதும். ஏற்கெனவே அவர் பேர்ல இருந்தா, உறவு நல்லா இருக்கும்போதே உங்க அக்கவுண்டுக்கு மாத்தித் தரச் சொல்லுங்க. காலாவதியான டாட் காம் ரிடெம்ப்ஷன் கட்டத்துக்குப் போயிட்டா 30 நாள்தான் அவகாசம், மீட்க கட்டணமும் பல மடங்கு. அதைக் கட்டக்கூட பழைய அக்கவுண்ட் வேணும்.

இதைவிடப் பெரிய விஷயம் பேமென்ட் கேட்வே. "டாக்குமென்ட் வேலையெல்லாம் எதுக்கு, என் அக்கவுண்ட்லயே கனெக்ட் பண்ணித் தர்றேன், மாசா மாசம் அனுப்பிடுறேன்"னு சொல்றவங்க இருக்காங்க. வேண்டவே வேண்டாம். உங்க கஸ்டமர் கொடுக்குற பணம் அவர் பேங்க்ல விழும், அவர் பான் கணக்குல வருமானமாத் தெரியும். அவர் உங்களுக்கு அனுப்புறது என்ன பணம்னு நாளைக்கு டிபார்ட்மென்ட் கேட்டா ரெண்டு பேருக்கும் பதில் சொல்றது கஷ்டம். கேட்வே உங்க பான், உங்க பேங்க் அக்கவுண்ட்லதான் இருக்கணும்.

அடுத்தது காப்பிரைட். காசு கொடுத்துட்டா கோடு நம்மளுதுனு நினைக்கிறோம். 1957 காப்பிரைட் சட்டப்படி, உங்க ஊழியரா இல்லாத ஒரு ஃப்ரீலான்சர் எழுதின கோடுக்கு, எழுதி வாங்காத வரைக்கும் பொதுவா அவர்தான் உரிமையாளர். உரிமையை மாத்துறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். அதுல காலம் குறிப்பிடலனா 5 வருஷம்னும், எல்லை குறிப்பிடலனா இந்தியா மட்டும்னும் சட்டம் எடுத்துக்கும். ஒரு பக்க ஒப்பந்தத்துல ரெண்டே வரி எழுதினா தீர்ந்தது. வாட்ஸ்அப்ல "எல்லாம் உங்களுக்குத்தான் சார்"னு வர்ற மெசேஜை நம்பி இருக்காதீங்க.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது போன மாசம் முடிச்ச சைட்டைக் காட்டுவார். புதுப் பெயின்ட் எல்லாமே பளபளனுதான் இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி செஞ்சு கொடுத்த கஸ்டமர் நம்பரைக் கேளுங்க. அவர்கிட்ட ஒரே கேள்வி: சின்ன மாத்தம் சொன்னா எத்தனை நாள்ல செய்றார்?

கொட்டேஷன்ல ரெண்டாம் வருஷ செலவு தனியா இருக்கணும். முதல் வருஷம் சலுகை விலை, அடுத்த வருஷம் ஷாக்குங்கிறது இந்தத் தொழில்ல சகஜம். எஸ்எஸ்எல்னு ஆயிரக்கணக்குல போட்டிருந்தா ஏன்னு கேளுங்க, லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிபிகேட் இலவசம். வேர்ட்பிரஸ் தீம் லைசென்ஸ் யார் பேர்லனும் கேளுங்க. திருட்டு தீம்ல மால்வேர் ஒளிஞ்சிருக்கும். பணத்தை மொத்தமா அட்வான்ஸ் கொடுக்காதீங்க. கடைசித் தவணை, எல்லா பாஸ்வேர்டும் உங்க கைக்கு வந்து நீங்களே லாகின் பண்ணிப் பார்த்த பிறகுதான்.

18% ஜிஎஸ்டி போட்டா பில்லுல 15 இலக்க நம்பர் இருக்கானு பாருங்க. தமிழ்நாட்டுப் பதிவுனா 33ல ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல தட்டினா பேர் வந்துடும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது.

பில்லை உங்க பேர்லயே வாங்கி வையுங்க. கணக்கு எழுதி லாபம் காட்டுறவங்க ஹோஸ்டிங், டொமைன் மாதிரி வருஷச் செலவைக் கழிச்சுக்கலாம். பிரிசம்ப்டிவ் முறைல போறவங்க தனியா கழிக்க முடியாது. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: பிசினஸ் வருமானம் வந்துட்டா ஐடிஆர் 1 போடக் கூடாது. ஐடிஆர் 3 அல்லது 4தான்.