படத்தினுள் ஒரு குறிப்பேடு

ஒளிப்படத்தைக் காண்போர் அதிலுள்ள முகத்தையும் மலையையும் காண்பர். கணினி நிரலோ, கண்ணுக்குப் புலனாகாத குறிப்பொன்றையும் அதில் படிக்கும். படமெடுத்த கருவி எது, பொருத்திய வில்லை எது, ஒளி எவ்வளவு நேரம் உட்புகுந்தது என்பனவற்றைக் கருவியே படக்கோப்பில் எழுதிவைக்கிறது. தரவைப் பற்றிய இத்தரவு, மீத்தரவு எனப்படும். இதனை எழுதும் முறையை 1995ஆம் ஆண்டு ஜப்பானில் வகுத்தனர். அதன் பெயர் எக்சிஃப்.

குறிப்பு இருக்குமிடம்

ஜேபெக் கோப்பின் முதலிரு பைட்டுகள் 255, 216 என அமையும். பின்வரும் பகுதிகளுள் 255, 225 எனத் தொடங்கி, எக்சிஃப் என்னும் பெயர் தாங்கிய பகுதியே குறிப்பேடாகும். அதில் ஒவ்வொரு பதிவும் 12 பைட்டு நீளமுடையது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 271 கருவியை உருவாக்கிய நிறுவனத்தையும், 272 கருவியின் வகையையும் குறிக்கும். 34665 என்னும் எண் வேறொரு பட்டியலின் இருப்பிடத்தைச் சுட்டும். குவியத்தொலைவு (37386), வில்லையின் பெயர் (42036) ஆகியன அப்பட்டியலில்தான் உள்ளன. முதற்பட்டியலோடு நின்றுவிடும் நிரல் கருவியை அறியும், வில்லையை அறியாது.

நிரலுக்குரிய கவனம்

வில்லையின் பெயருக்கான எண் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. எனவே, பழைய படங்களில் அஃது இராது. ஒளி புகும் நேரம் 1, 125 என இரு முழு எண்களாக எழுதப்படும். வகுக்கும் எண் சுழியமாயின் கணக்கீடு தடைப்படும். எனவே, இல்லாததையும் பிழைபட்டதையும் எதிர்பார்த்தே நிரலை எழுதுதல் வேண்டும். மேலும், மீத்தரவை எவரும் மாற்றியமைக்க இயலும் என்பதால், அதனை மட்டும் சான்றாகக் கொள்ளல் ஆகாது.

குறிப்பே காட்டிக்கொடுத்தல்

34853 என்னும் எண், படமெடுத்த இடத்தைக் கூறும் பட்டியலுக்கு வழிகாட்டும். 2012 டிசம்பரில், பெலீசு நாட்டுக் காவல்துறை விசாரணைக்குத் தேடிய மென்பொருள் தொழில்முனைவர் ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தார். அவருடைய படத்தை ஓர் இதழின் இணையதளம் வெளியிட்டது. அப்படத்தில் அட்சக்கோட்டு, தீர்க்கக்கோட்டு அளவுகள் நீக்கப்படாதிருந்தன. அவர் குவாத்தமாலாவில் இருப்பதை உலகம் அறிந்தது.

தேடப்படுவோர்க்கு மட்டும் உரியதன்று இந்நிலை. வீட்டு முற்றத்தில் எடுத்த குழந்தையின் படமும் அவ்வீட்டின் இருப்பிடத்தைச் சொல்லக்கூடும். பதிவேற்றப்படும் படத்திலிருந்து கருவி, வில்லை ஆகியவற்றின் விவரங்களை எடுத்துக்கொண்டு, இடக்குறிப்பை நீக்கிய பின்னரே படத்தைப் பொதுவில் வைப்பது நிரலாளரின் கடமையாகும். படிக்கத் தெரிவது திறன். எதனை வெளியிடலாகாது என அறிவது பொறுப்பு.