மருத்துவச் சான்றிதழ் இருந்தால் தேர்வு எழுத விடுவார்களா?

கேள்வி: என் மகன் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. படிக்கிறான். டெங்குவால் வருகைப்பதிவு குறைந்துவிட்டது. மருத்துவச் சான்றிதழ் போதுமா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: சான்றிதழைவிடச் சதவீதம்தான் முக்கியம். 75 இருந்தால் கவலையில்லை. 65-லிருந்து 75-க்குள் என்றால், நோய், விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு உரிய ஆதாரத்துடன் சலுகை கேட்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியதுதான்.

ஒரு செமஸ்டரில் 400 பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். 300-க்கு வந்தவர் தாராளமாகத் தேர்வு எழுதலாம். 260-ஐத் தொட்டவருக்குச் சான்றிதழ் கைகொடுக்கும். 259-இல் நின்றவருக்கு எந்த டாக்டர் கையெழுத்தும் உதவாது. அதே செமஸ்டர் அடுத்த கல்வியாண்டில்தான் திரும்ப வரும் என்பதால், இழப்பு ஒரு முழு வருடம். உண்மையிலேயே நோயில் கிடந்த பிள்ளைக்கு இது மிகக் கடுமையான விதி.

தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டால் ஹால் டிக்கெட் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது, வருகைப்பதிவும் தேற வேண்டும்.

வருகை போதுமானதாக இருந்து, தேர்வு நேரத்தில் காய்ச்சல் வந்தால் வழி வேறு. உரிய காரணம் காட்டித் தேர்விலிருந்து விலகிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஏற்கப்பட்டால் டிஸ்டிங்ஷனுடன் கூடிய முதல் வகுப்புக் கணக்கில் அது ஒரு முயற்சியாகச் சேராது.

விதிமுறை 2017, விதிமுறை 2021 என்று ஆண்டுவாரியாகத் தொகுப்புகள் உண்டு. மகனுக்கு எது பொருந்தும் என்று கேட்டு, சான்றிதழைத் துறைத் தலைவரிடம் இந்த வாரமே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.