1197-உம் 100.5-உம்: வானொலியில் அலைநீளம் கற்பித்தல்

'வேகம் = அதிர்வெண் × அலைநீளம்' என்பதை மாணவர்கள் பிழையின்றி ஒப்பித்துவிடுகிறார்கள். அலைநீளம் கூடினால் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அதை விளக்க, நம் மாவட்டத்தில் வானொலியைவிட நல்ல துணைக்கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

1963-இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி வானொலியின் மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ். கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இவற்றால் வகுக்கச் சொன்னேன். முதல் விடை சுமார் 250 மீட்டர், அடுத்தது 3 மீட்டர். நீண்ட அலை நிலத்தை ஒட்டித் தவழ்ந்து மேடுபள்ளங்களைக் கடக்கும். குறுகியது ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி. மலை மறித்தால் பின்னால் நிழல்தான். பாபநாசம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். (நிழல் தரும் அந்தப் பொதிகையின் பெயரைத்தான் 2024 வரை தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை தாங்கியிருந்தது!)

"அப்போ கோபுரத்தை ஏன் சார் மலைமேல வைக்கிறாங்க?" என்ற கேள்வி தானாக வரும். உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். விடை ஏறத்தாழ 164. நெல்லையோ நேர்க்கோட்டில் 168 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. 9 மீட்டர் உயரப் பள்ளி மாடியில் ஏறினால் 10.7 சேரும்; எட்டாதது எட்டிவிடும். காற்று அலையைச் சற்று வளைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்ச தூரம் போகும். குறுக்கே வரும் குன்றுகள் அதைக் குறைக்கும். இந்தக் கணக்குக்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுக்கலாம். பனைமர உயரம், கோயில் கோபுர உயரம் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பார்கள்.

மத்திய அலைக்கு மலை வேண்டியதில்லை. அங்கே பெரும்பாலும் கோபுரமே ஏரியல். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடல்மேல் அந்த அலை வெகுதூரம் போகும். இலங்கை வானொலி நம் தாத்தா பாட்டி வீடுகளில் ஒலித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2023 டிசம்பர் 17, 18 மழை வெள்ளத்தில் நம் பகுதியில் பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. அப்படிப்பட்ட இரவில் பேட்டரி வானொலியில் எந்த நிலையம் எந்த ஊரில் கேட்கும் என்பது வெறும் பாடக் கேள்வி அல்ல.

ஆகவே வட்ட வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். வகுப்பில் இருக்கும் ஒரே சிறிய வானொலிப் பெட்டி தினம் ஒரு வீட்டுக்குப் போகும். மாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கேட்டு, தெளிவு, இரைச்சல், இல்லை என மூன்று வண்ணப் பொட்டு வைக்க வேண்டும். இரவில் அயனி மண்டலம் மத்திய அலையைத் திருப்பி அனுப்புவதால், அதே எண்ணில் தொலைதூர நிலையங்கள் குறுக்கிடலாம். 9 மணிப் பொட்டுகளைத் தனித் தாளில் வைக்கச் சொல்லுங்கள்.