வெள்ளிமலையில் ஊதாத் தவளையா?

கேள்வி: முதல் மழைக்குப் பிறகு எங்கள் சாமைக் கொல்லையில் உப்பிய உடலும் சின்னத் தலையுமாக ஒரு தவளையைப் பார்த்தேன். பின்னங்காலால் மண்ணைத் தள்ளி, பின்பக்கமாகவே உள்ளே போய்விட்டது. கேரளத்து ஊதாத் தவளை கல்வராயன் மலையிலும் உண்டா?
– வாசகர், வெள்ளிமலை

பதில்: இல்லை. நீங்கள் பார்த்தது அநேகமாக பலூன் தவளை. யூப்பெரோடான் சிஸ்டோமா என்று அறிவியல் பெயர்.

குழப்பம் வருவது நியாயமே. இரண்டும் மண்ணுக்கடியில் வாழ்ந்து கறையான் தின்பவை. மழை வந்தால்தான் முகம் காட்டும். ஆனால் நெருங்கிய சொந்தமில்லை. பலூன் தவளை குறுவாய்த் தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊதாத் தவளையை 2003இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுயும் அறிவித்தபோது அதற்கென்றே புதுக் குடும்பம் வகுக்க வேண்டியிருந்தது. அதன் நெருங்கிய உறவுகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? கடல் கடந்து, செஷல்ஸ் தீவுகளில்! 2017இல் அதே பேரினத்தின் இன்னோர் இனம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து அறிவிக்கப்பட்டது. மறைந்த ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. தலைப்பிரட்டைகள் ஓடும் நீரில், பாறையை வாயால் கவ்விக்கொண்டு வளர்கின்றன. கல்வராயனோ கிழக்குத் தொடர்ச்சி மலை. நடுவே அகன்ற சமவெளி கிடக்கிறது. பலூன் தவளைக்கு மழை தேங்கிய குட்டையே போதும். அதனால்தான் வறண்ட ஊர்களிலும், இலங்கையிலும்கூட அது பிழைத்திருக்கிறது.

அடுத்த முறை மூக்கைப் பாருங்கள். ஊதாத் தவளைக்கு வெளுத்த கூர்மூக்கு. பலூன் தவளைக்கு மழுங்கிய முகம், முதுகில் பழுப்புத் திட்டுகள். படம் எடுத்து அனுப்பினால் உறுதியாகச் சொல்லிவிடலாம். கொல்லையோரக் குட்டையை மட்டும் தூர்த்துவிடாதீர்கள். முட்டையிட அதற்கு அந்த இடம் வேண்டும்.