ஹரிகேனுக்கு எத்தனை மார்க்?

அட்லாண்டிக் கடலில் உருவாகி அமெரிக்காவைத் தாக்கும் கடும் புயலை ஹரிகேன் என்பார்கள். செய்தியில் அதை 'மூன்றாம் வகை', 'ஐந்தாம் வகை' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எதை வைத்து இந்த மார்க் போடுகிறார்கள்?

இந்த அளவுகோலை முதலில் யோசித்தவர் வானிலை விஞ்ஞானி இல்லை. ஹெர்பர்ட் சஃபிர் என்ற கட்டுமானப் பொறியாளர். அதாவது நம்ம சிவில் டிபார்ட்மெண்ட் ஆளு! 1969-ல் ஐ.நா. சபைக்காகப் புயல் பகுதிகளில் கட்டும் மலிவு விலை வீடுகளைப் பற்றி ஆராய்ந்தபோது, நில நடுக்கத்துக்கு ரிக்டர் இருப்பதுபோல் புயலுக்கு ஒன்றும் இல்லையே என்று பார்த்தார். எந்த வேகக் காற்றுக்குக் கட்டடம் எவ்வளவு சேதமாகும் என்று ஐந்து படிகளாகப் பிரித்தார். தேசிய ஹரிகேன் மையத்தின் இயக்குநர் ராபர்ட் சிம்ப்சன், கடல்நீர் எவ்வளவு உயரும் என்பதையும் அதில் சேர்த்தார்.

10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றின் ஒரு நிமிடச் சராசரிதான் கணக்கு. மணிக்கு 119 கி.மீ. தொட்டால் முதல் வகை. பிறகு 154, 178, 209. 252-ஐத் தொட்டால் ஐந்து. ஆறு கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் சுவர் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சரி, நடுக்கடலில் கம்பம் நட்டா அளப்பது? விமானத்தில் புயலுக்குள்ளேயே போகிறார்கள்! அங்கிருந்து டிராப்சாண்ட் என்ற குழாய் போன்ற கருவியைப் பாராசூட்டில் போடுகிறார்கள். அது விழ விழ, காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் ரேடியோவில் அனுப்பிக்கொண்டே இருக்கும். கடலைத் தொட்டதும் அதன் வேலை முடிந்தது.

ஆனால் இந்த மார்க்கை மட்டும் நம்பினால் ஆபத்து. 1969-ல் மிஸிஸிப்பி கடற்கரையைக் கமீல் தாக்கியது, ஐந்தாம் வகை. 2005-ல் கத்ரீனா வந்தபோது, "கமீலுக்கே தண்ணி வராத வீடு, இதுக்கா வரப்போகுது?" என்று பலர் வெளியேறாமல் இருந்துவிட்டார்கள். கத்ரீனா அங்கே கரையேறும்போது மூன்றாம் வகைதான். ஆனால் கடல் சில இடங்களில் சுமார் 28 அடி உயர்ந்தது, கமீலைவிட அதிகம். காரணம், கத்ரீனாவின் பரப்பு மிகப் பெரிது. முந்தின நாள் நடுக்கடலில் அதுவும் ஐந்தாம் வகையாகத்தான் இருந்தது. காற்று தணிந்துவிட்டது, அது குவித்த தண்ணீர் அதற்குள் தணியுமா?

1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் இவ்வகைப் புயல்களில் நேரடியாக இறந்தவர்களில் பத்துக்குச் சுமார் ஒன்பது பேர் தண்ணீரால் இறந்தவர்கள். 2010-ல் அளவுகோலிலிருந்து கடல்நீர்க் கணக்கை நீக்கிவிட்டார்கள். இப்போது அந்த எண் காற்றுக்கு மட்டும்தான். கடல்நீர் ஏற்றத்துக்கு 2017 முதல் தனி எச்சரிக்கை தருகிறார்கள்.