தெரு நாய்களும் ஊர் நலமும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிக் காடுகளில் ஆட்டுப்பட்டிக்கும் களத்து மேட்டிற்கும் நாயே காவல். இவ்வுறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உளது. எருமைகளைக் காக்கும் பொருட்டு உயிர்நீத்த வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் அக்கல்லில் இடம் பெற்றுள்ளது. நாய்க்கும் பெயர் பொறித்துக் கல் நாட்டிய மரபு நம்முடையது.

இன்றோ, பிறந்த குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலும் சந்தைத் திடலிலும் விட்டு வருவோர் நம்மிடையே உளர். பெட்டைக் குட்டியாயின் அதனை வளர்க்க எவரும் முன்வருவதில்லை. கைவிடப்பட்டவற்றுள் பிழைத்தவை, கண்ட இடத்தில் கொட்டப்படும் கோழிக்கழிவைத் தின்று கூட்டமாகத் திரிகின்றன. பின்னர் அவையே பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறுகின்றன. பள்ளி செல்லும் பிள்ளைகளைத் துரத்துகின்றன. குறை நாயினுடையதா, நம்முடையதா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 4,80,000 பேர் நாய்க்கடிக்கு ஆளாயினர்; வெறிநோயால் 43 பேர் மாண்டனர். அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோய்க்குப் பிழைத்தவர் மிக மிக அரியர். ஆயினும் உரிய காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் இந்நோயைத் தடுத்துவிடலாம். ஆதலின் இங்கு மருந்தைப் போலவே அறிவும் உயிர் காக்கும்.

கொல்வதால் குறைவதில்லை

நாய்களைக் கொன்றுவிட்டால் தொல்லை தீரும் என்பர் சிலர். சென்னை மாநகராட்சி 1860ஆம் ஆண்டு முதல் இம்முறையையே கையாண்டது. 1996ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன. நாய்களும் குறையவில்லை, நோயும் நீங்கவில்லை. காரணம் எளிது. ஓரிடத்து நாய்களை அகற்றினால், அங்குள்ள இரையை நாடி அயலிடத்து நாய்கள் வந்து சேரும். அவை தடுப்பூசி போடப்படாதவை.

1996இல் மாநகராட்சி, புளூ கிராஸ் அமைப்புடன் இணைந்து, நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை மேற்கொண்டது. அவ்வாண்டு 120 ஆக இருந்த வெறிநோய்ச் சாவு 2007இல் 5 ஆகக் குறைந்தது, 2010இல் ஒன்றுமில்லை. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்து வந்தால் நோயின் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு.

ஊராட்சி செய்யத்தக்கவை

2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் இப்பணியில் ஊராட்சிகளுக்கும் பொறுப்பு அளித்துள்ளன. ஊராட்சிப் பொறுப்பில் இருப்போர் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

1. தெருவாரியாக நாய்களைக் கணக்கெடுத்தல். வளர்ப்பு நாய், தெரு நாய் எனப் பிரித்து எழுதுதல்.

2. கால்நடை மருந்தகத்தின் துணையுடன் தடுப்பூசி முகாம் நடத்துதல். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அன்று முகாம் நடத்தினால் அக்டோபர் 2 கிராம சபையில் கணக்கை ஊராருக்குப் படித்துக் காட்டலாம்.

3. கருத்தடை அறுவைக்கு ஒன்றியம், மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றின் உதவியைத் தீர்மானம் வழியே கோருதல். அறுவை, அனுமதி பெற்ற மையத்தில் பயிற்சி பெற்ற மருத்துவரால் மட்டுமே செய்யப்படல் வேண்டும்.

4. இறைச்சிக் கடைக் கழிவைக் குழியிலிட்டு மூடச் செய்தல்.

5. உறங்கும் நாயையும், உண்ணும் நாயையும், குட்டியீன்ற நாயையும் நெருங்கலாகாது, கல்லெறியலாகாது, துரத்தினால் ஓடாமல் அசையாது நிற்றல் வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல்.

கடிபட்டால்

காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல் முதற் கடமை. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி ஆகியவற்றை அப்புதலும், மந்திரித்துக் காலங்கடத்துதலும் பெருந்தீங்கு. உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்க. அங்குத் தடுப்பூசி இலவசம். சிறு கீறலேயாயினும் அலட்சியம் கூடாது. வலி தீர்ந்ததென்று இடையில் நிறுத்தாமல் எல்லாத் தவணைகளையும் முடித்தல் வேண்டும். குழந்தைகள் அடிக்கு அஞ்சிக் கடிபட்டதை மறைப்பதுண்டு. சொன்னால் திட்டமாட்டோம் என்னும் நம்பிக்கையைப் பெற்றோர் அவர்களுக்கு அளித்தல் வேண்டும்.

நாய் வளர்ப்போர் மூன்றாம் மாதத்தில் தடுப்பூசி போடுக. குட்டி வேண்டாதார் கருத்தடை செய்விக்க. ஈன்றபின் எறிதல் அறமன்று. நம் பட்டியைக் காத்த உயிரை நாம் காப்போமாயின், நம் பிள்ளைகளின் உயிரும் காக்கப்படும். இவ்வாண்டு நம் ஊரில் எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி போட்டோம் என்னும் வினாவை அடுத்த கிராம சபையில் நாம் ஒவ்வொருவரும் எழுப்புவோமாக.